அறையில் இல்லாத நோயாளி

மருந்து மதிப்பீடும் கொள்கையும் என்ற முதுகலைப் படிப்பில் மருந்து செய்யக் கற்றுத்தருவதில்லை. செய்து முடித்து ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மருந்தைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கக் கற்றுத்தருகிறார்கள். அது வேலை செய்கிறதா? கேட்கும் விலைக்கு ஏற்ற பலன் அதில் உண்டா? பொதுப்பணத்தில் வாங்குவதென்றால் யாருக்கு வாங்குவது? அமெரிக்காவில் லிட்டில் ராக் நகரில் உள்ள ஆர்கன்சாஸ் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இந்தப் பெயரிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. வேறு இடங்களில் மருந்துப் பொருளியல், சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு என்ற பெயர்களில் ஏறக்குறைய இதே பாடங்கள் நடக்கின்றன. புள்ளியியல், மருந்து எபிடெமியாலஜி, செலவு-பலன் ஆய்வு, முடிவெடுப்பு மாதிரிகள், சுகாதாரக் கொள்கை என்று தாள்கள் வரிசையாக வரும்.

பட்டியலைப் பார்த்தால் எல்லாம் கணக்காகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு பழைய தத்துவக் கேள்வி கிடக்கிறது. ஒன்றை அறிந்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? ஒருவரின் வலியை இன்னொருவரின் வலியோடு வைத்து அளக்க முடியுமா? முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் நன்மைக்கு இன்று என்ன மதிப்பு? கண்ணெதிரே இருப்பவரிடம் உள்ள கடமையும் காணாத ஒருவரிடம் உள்ள கடமையும் ஒன்றுதானா? கடைசிக் கேள்வியைச் சுற்றித்தான் மற்றவை எல்லாம் நிற்கின்றன.

எதை அறிவு என்பது

முதல் தாள்கள் சான்று பற்றியவை. ஒரு மருந்தைச் சாப்பிட்டவர் குணமானார் என்பதிலிருந்து மருந்தால் குணமானார் என்று சொல்லிவிட முடியாது. ஒன்றை அடுத்து இன்னொன்று நிகழ்வதைத்தான் காண்கிறோம், முன்னது பின்னதை உண்டாக்குவதைக் காண்பதில்லை என்று டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிக்கல் இது. மருந்தின் விளைவுகளைப் பெருந்திரளான மக்களிடம் ஆராயும் மருந்து எபிடெமியாலஜி இதைத் தினப்படி வேலையாக எதிர்கொள்கிறது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட ஹார்மோன் சிகிச்சை இதற்கு வழக்கமான உதாரணம். அதை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது என்று பல ஆண்டுகள் திரட்டிய விவரங்கள் சொல்லின. பிறகு அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மருந்தும் மறுபிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் ஆகியவை கூடுதலாக இருந்ததால் 2002இல் அந்தச் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. பழைய விவரங்கள் பொய்யல்ல. தாமாக ஹார்மோன் சிகிச்சையை நாடிய பெண்கள் பெரும்பாலும் வசதியும் உடல்நலக் கவனமும் உள்ளவர்கள்; அவர்களைக் காத்தது மாத்திரை அல்ல, அவர்களுடைய வாழ்க்கை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆகவே சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது இந்தத் துறையின் முதல் கருவி. அது அறிவுக்கு நல்லது. அறத்துக்கு? 1948இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு அந்தக் கேள்வியை முகத்துக்கு நேரே வைத்தது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த திட்டப்படி, கடுமையான நுரையீரல் காசநோய் கண்ட 107 பேரில் யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை ஒட்டிய உறைக்குள் இருந்த சீட்டு தீர்மானித்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். பெறாத 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். தாங்கள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டவர்கள் என்பது அந்த 52 பேருக்குத் தெரியாது. போர் முடிந்த பிரிட்டனில் மருந்தை இறக்குமதி செய்ய டாலர் தட்டுப்பாடு. கிடைத்த மருந்தோ கொஞ்சம். எல்லாருக்கும் கொடுக்க வழியில்லாதபோது குலுக்கிக் கொடுப்பது அநீதியாகாது, உறுதியாக அறிந்துகொள்ளாமல் விடுவதே தவறு என்பது ஆய்வாளர்களின் வாதம். பங்கீட்டுச் சிக்கலே அறிவுக்கு வழி திறந்துவிட்ட விசித்திரம் இது. இன்று ஒப்புதல் பெறாமல் அப்படி ஓர் ஆய்வு நடத்த எந்த நெறிக்குழுவும் விடாது.

ஹில் 1965இல் ராயல் மருத்துவச் சங்கத்தில் ஆற்றிய உரையில், தொடர்பு எப்போது காரணமாகும் என்று சோதிக்க ஒன்பது கோணங்களைச் சொன்னார். மாணவர்கள் அந்த ஒன்பதை மனப்பாடம் செய்கிறார்கள். உரையின் முடிவில் அவர் சொன்னதுதான் கொள்கைத் தாளுக்குப் பாலம்: எல்லா அறிவியலும் அரைகுறையே, அதைக் காரணம் காட்டி இன்று செய்யவேண்டியதைத் தள்ளிப்போட முடியாது.

எதனோடு ஒப்பிடுவது

மதிப்பீடு என்றாலே ஒப்பீடுதான். எதனோடு என்பதைப் பொறுத்தே விடை அமையும். இதற்கு உலகப் பாடநூல்களில் இடம்பெறும் ஆய்வு ஒன்று சென்னையில் நடந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து அமைத்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கியது. இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். ஒரு பிரிவு சானடோரியத்தில் ஓய்வு, சத்துணவு, செவிலியர் கவனிப்போடு இருந்தது. மறுபிரிவு நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டோடு மருந்தை மட்டும் விழுங்கியது.

1959இல் முடிவு வெளியானபோது இரு பிரிவுகளும் ஏறக்குறைய சமமாகவே தேறியிருந்தன. தொடர்ந்து கவனித்ததில், நோயாளியை வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை என்பதும் தெரிந்தது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். சேத்துப்பட்டில் அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

இங்கே மலிவான வழி மட்டமான வழியாக இல்லை. படுக்கைகள் ஆயிரக்கணக்கில், நோயாளிகள் லட்சக்கணக்கில் என்ற நாட்டில், ஒருவருக்குக் கொடுக்கும் படுக்கை வெளியே நிற்கும் பலருக்கு இல்லாத சிகிச்சை. ஆய்வு அந்தப் பலரின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லா வழக்கும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. கூடுதல் விலைக்குக் கூடுதல் பலன் தரும் மருந்து வரும்போதுதான் தராசு தேவைப்படுகிறது.

தராசு

மருந்துப் பொருளியலின் தராசு, தரம் திருத்திய ஆயுள் ஆண்டு. துறைக்குள் இதைச் சுருக்கி குவாலி என்பார்கள். முழு நலத்தோடு வாழும் ஓர் ஆண்டு 1. மரணம் 0. நோயோடு வாழும் ஆண்டு இடைப்பட்ட ஏதோ ஓர் எண். அந்த எண்ணை மருத்துவர் கொடுப்பதில்லை. பொதுமக்களிடம் கேட்டுப் பெறுகிறார்கள்.

நடமாட்டம், தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுதல், அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்ற ஐந்து தலைப்புகளில் உடல்நிலையை விவரிக்கும் வினாத்தாள் ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று நிலைகள் என்றால் 243 வகை உடல்நிலைகள் அமையும். பேட்டி காண்பவர் அவற்றில் ஒன்றை விவரித்துவிட்டுக் கேட்பார்: இந்த நிலையில் பத்தாண்டு வாழ்வீர்களா, முழு நலத்தோடு ஒன்பதாண்டு போதுமா? ஒன்பது போதும் என்றால், எட்டு? ஏழு? ஏழில் அவர் தயங்கி, இரண்டும் ஒன்றுதான் என்றால் அந்த நிலையின் மதிப்பு 0.7. பிரிட்டனில் ஏறக்குறைய மூவாயிரம் பேரிடம் இப்படிக் கேட்டு 1997இல் வெளியிட்ட மதிப்புப் பட்டியலில், ஐந்து தலைப்பிலும் கடைநிலையில் இருப்பதற்கு −0.594 என்ற மதிப்பு வந்தது. மரணத்தைவிட மோசம் என்று பொருள்.

இந்த ஒரே எண்ணில் மூன்று தத்துவ முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. வெவ்வேறு துன்பங்களை ஒரே அளவுகோலில் வைக்கலாம் என்பது ஒன்று. யாருடையது என்று பாராமல் அவற்றைக் கூட்டலாம் என்பது இரண்டு. இது ஜெரமி பெந்தாம் வழிவந்த பயன்வாதம். நோயை அனுபவிக்காதவர் அதற்கு மதிப்புச் சொல்லலாம் என்பது மூன்று. மூன்றாவதுதான் அதிகம் உறுத்துவது. நீண்ட காலம் ஊனத்தோடு வாழ்பவர்கள் தங்கள் வாழ்க்கைக்குக் கொடுக்கும் மதிப்பு, வெளியார் அதற்குக் கொடுக்கும் மதிப்பைவிட உயர்ந்து நிற்பது பலமுறை கண்ட உண்மை. அவர்கள் பழகிப்போய்விட்டார்கள் என்று வெளியார் சொல்லலாம். வெளியாருக்கு என்ன தெரியும் என்று அவர்கள் கேட்கலாம். வரி கட்டுபவர் பொதுமக்கள், ஆகவே அவர்களுடைய மதிப்பீடே செல்லும் என்று பல நாடுகள் முடிவு செய்திருக்கின்றன. அது வாதத்தால் வந்த முடிவு, அளந்து கண்டதல்ல.

காலமும் தராசில் ஏறுகிறது. இங்கிலாந்தின் மதிப்பீட்டு அமைப்பான நைஸ் வருங்காலப் பலனை ஆண்டுக்கு 3.5 விழுக்காடு கழித்து மதிப்பிடுகிறது. அந்தக் கணக்கில் 20 ஆண்டு கழித்து வாழும் ஓர் ஆண்டு இன்று அரை ஆண்டாகிவிடும். 30 ஆண்டு கழித்தால் 0.36 ஆகிவிடும். சிறுமிக்குப் போடும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியின் பலன் அவள் நடுவயதில்தான் தெரியும் என்பதால் கழிவு முழுவதும் அவள் தலையில் விழுகிறது. வருங்கால இன்பத்தைக் காலத்தால் தள்ளி இருப்பதற்காகவே குறைத்து மதிப்பது அறத்துக்கு ஒவ்வாது என்று ஃபிராங்க் ராம்சே 1928இலேயே வாதிட்டார். பணத்தை மட்டும் கழித்து உயிரைக் கழிக்காமல் விட்டாலோ, எந்தத் திட்டத்தையும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போடுவதே லாபம் என்று கணக்கு காட்டும் என்பது மறுதரப்பின் பதில்.

ஆறாவது ஆள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான மருந்து, மருத்துவத்தில் நான்கு பேரைக் காட்டுகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். இன்றைய மருத்துவத்தில் ஐந்தாவதாகச் செலவை ஏற்பவர் வந்து சேர்ந்திருக்கிறார். அது அரசாகவோ காப்பீட்டு நிறுவனமாகவோ இருக்கும். மருந்து மதிப்பீடு ஆறாவது ஒருவரையும் கணக்கில் சேர்க்கிறது. இந்த மருந்துக்குச் செலவான பணத்தால் வேறு எங்கோ சிகிச்சை கிடைக்காமல் போனவர் அவர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவர் தெரியவருவார். புதிய புற்றுநோய் மருந்து ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். மருந்து இல்லாவிட்டால் நோயாளி 0.6 தரத்தில் ஓராண்டு வாழ்வார், அது 0.6 குவாலி. மருந்து கொடுத்தால் 0.5 தரத்தில் நான்கு ஆண்டு வாழ்வார். அது 2 குவாலி. கூடுதல் பலன் 1.4. கூடுதல் செலவு 42,000 பவுண்டு. வகுத்தால் ஒரு குவாலிக்கு 30,000 பவுண்டு. 1999இல் தொடங்கிய நைஸ் நீண்ட காலம் கடைப்பிடித்த வரம்பு 20,000 முதல் 30,000 பவுண்டு. ஆக, மருந்து விளிம்பில் தேறிவிடுகிறது.

ஆனால் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை, இருக்கும் பணத்தைக் கொண்டு வழக்கமான சிகிச்சைகளில் ஒரு குவாலியை என்ன விலைக்கு உண்டாக்குகிறது என்று கார்ல் கிளாக்ஸ்டனும் சக ஆய்வாளர்களும் 2015இல் மதிப்பிட்டார்கள். வந்த விடை 12,936 பவுண்டு. அதன்படி அந்த 42,000 பவுண்டு வேறு இடங்களில் 3 குவாலிக்கு மேல் தந்திருக்கும். ஒருவருக்கு 1.4 கிடைக்க, முகம் தெரியாதவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழக்கிறார்கள். அந்த மதிப்பீட்டின் முறையைப் பற்றிப் பொருளியலாளர்களிடையே தகராறு உண்டு. ஆனால் இழப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதில் தகராறு இல்லை.

இமானுவேல் கான்ட் 1785இல் ஒரு பிரிவினை செய்தார்: பொருள்களுக்கு விலை உண்டு, மனிதருக்கு விலை இல்லை, கண்ணியம் மட்டுமே உண்டு. மருந்து மதிப்பீட்டை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். உயிருக்கு விலை போடுவதா என்று கேட்கிறார்கள். துறையின் பதில் இப்படி அமையும்: விலையைப் போட்டவர் மருந்தை விற்பவர். பட்ஜெட் முடிந்துபோனால் யாருக்கோ சிகிச்சை நின்றே தீரும். கணக்குப் போடாவிட்டால் அந்த யாரோ யார் என்பதைக் கூச்சலும் செல்வாக்கும் தீர்மானிக்கும். கண்ணியம் எதிரே இருக்கும் நோயாளிக்கு மட்டும் உரியதல்ல, ஆறாவது ஆளுக்கும் அது உண்டு.

ஆரிகன் பட்டியல்

இந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் காட்டிக்கொடுத்தது. அந்த மாநிலம் 1987இல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளை நிறுத்தி, பணத்தைக் கர்ப்பிணிகளின் அடிப்படைக் கவனிப்புக்குத் திருப்பியது. எண்ணிக்கைப்படி அது நியாயம். சில மாதங்களில் ரத்தப் புற்றுநோய் கண்ட ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பணம் திரட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்தான். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் அந்த முகத்தைப் பார்த்தது. கவனிப்புப் பெற்றதால் பிழைத்த குழந்தைகளின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட முகங்கள் இருப்பதில்லை.

அதன் பிறகு மாநிலம் முறையாகப் பட்டியல் போட முனைந்தது. 1600க்கு மேற்பட்ட நோய்-சிகிச்சை இணைகளைச் செலவு-பலன் கணக்குப்படி வரிசைப்படுத்தி 1990 மே மாதம் வெளியிட்டார்கள். அதில் பல்லுக்கு உறை போடுவது, கருக்குழாயில் தங்கிய கருவை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு மேலே நின்றது. பல்லுக்கு ஆகும் செலவு 38 டாலர் சொச்சம். அறுவைக்கு 4,015 டாலர். ஒரு பெண்ணின் உயிரைக் காக்கும் பணத்தில் நூறு பேருக்கு மேல் பல் உறை போடலாம். நூறு சிறு நிம்மதிகளைக் கூட்டினால் ஓர் உயிருக்கு மேலே போய்விடுகிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் பட்டியலைப் பார்த்த யாருக்கும் அது சரியாகப் படவில்லை. இதற்கென மாநிலம் அமைத்த ஆணையம் அதைக் கைவிட்டு, நோய்களை வகைவகையாகப் பிரித்து, பொதுக்கூட்டங்களில் மக்கள் சொன்னதையும் சேர்த்துப் புதிதாக 709 வரிகள் கொண்ட பட்டியலைத் தயாரித்தது. 587ஆம் வரியோடு பணம் முடிந்தது.

அமெரிக்க அறவியலாளர் ஆல்பர்ட் ஜான்சன் 1986இலேயே கணக்கை ஏற்க மறுக்கும் இந்த மனப்பாங்குக்கு மீட்பு விதி என்று பெயர் வைத்திருந்தார். பெட்டிக்குள் பெந்தாம் என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: கண்ணெதிரே உயிர் போகும்போது கணக்குப் பார்க்காமல் கைகொடுக்கத் துடிப்பது மனித இயல்பு, பயன்வாதம் அதனோடு மோதித்தான் ஆகவேண்டும். கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்க ஊரே திரளும். ஆனால் மூடப்படாத கிணறுகளை மூட அப்படித் திரள்வதில்லை. அந்தத் துடிப்பை வெறும் உணர்ச்சிப் பிழை என்று தள்ளவும் முடியாது. யாரையும் சாகவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்காத சமூகத்தில் வாழ்கிறோம் என்ற உறுதி எல்லாருக்கும் பயன்படும் ஒன்று.

எண்ணிக்கை செல்லுமா

தத்துவவாதி ஜான் டாரெக் 1977இல் எழுதிய கட்டுரை, இதை மருந்து உதாரணத்தாலேயே இன்னும் கூர்மையாக்கியது. கையில் ஒரு மருந்து இருக்கிறது. ஒருவர் பிழைக்க அது முழுவதும் வேண்டும். மற்ற ஐந்து பேருக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். ஐவரைக் காப்பதுதான் சரி என்று பெரும்பாலோர் சொல்வார்கள். டாரெக் மறுத்தார். ஐந்து பேரின் மரணத்தை மொத்தமாக அனுபவிக்கும் ஒருவர் எங்கும் இல்லை. ஒவ்வொருவரும் இழப்பது தன் ஓர் உயிரைத்தான். ஆகவே நாணயத்தைச் சுண்டி ஆறு பேருக்கும் சம வாய்ப்புக் கொடுப்பதே நியாயம் என்றார். அடுத்த ஆண்டே டெரெக் பார்ஃபிட் பதில் எழுதினார்: ஒவ்வொருவரையும் சமமாக எண்ணுவதால்தான் ஐந்து ஒன்றைவிடப் பெரிதாகிறது. வகுப்பறையில் இந்த வாதம் இன்றும் முடிவதில்லை.

எண்ணுவது சரி என்றே ஏற்றாலும், எல்லா ஆண்டுகளும் ஒரே எடையா? பொருளியலாளர் ஆலன் வில்லியம்ஸ் 1997இல் வைத்த வாதப்படி, ஒவ்வொருவருக்கும் நியாயமான ஆயுட்பங்கு ஒன்று உண்டு. அதை வாழ்ந்து முடித்தவரைவிட அதை எட்டாதவருக்கு முதலிடம் தரலாம். தத்துவவாதி ஜான் ஹாரிஸ் வேறொரு பக்கத்திலிருந்து குவாலியையே எதிர்த்தார். விபத்திலோ பிறப்பிலோ ஊனமுற்ற ஒருவர் ஏற்கெனவே ஒருமுறை இழந்திருக்கிறார். அவர் வாழும் ஆண்டுக்குக் குவாலி குறைவு என்று சொல்லி உயிர் காக்கும் மருந்தையும் மறுத்தால் அது இரட்டைத் தண்டனை என்றார்.

இந்த வாதம் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. ஊனமுற்றோருக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று சொல்லி அமெரிக்க மத்திய அரசு 1992இல் ஆரிகன் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. திருத்தங்களுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வந்தது. 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் குவாலி வரம்பை வைத்து முடிவெடுப்பதைத் தடுத்தது. சில அமைப்புகள் தராசையே திருத்தின. நீட்டிக்கப்படும் ஆயுள் யாருடையதாயினும் ஒரே மதிப்பு என்று கொள்ளும் மாற்று அளவு ஒன்று அமெரிக்காவில் புழங்குகிறது. நெதர்லாந்தில் நோயின் கடுமைக்கு ஏற்ப வரம்பு 20,000, 50,000, 80,000 யூரோ என்று ஏறுகிறது. நைஸ் 2022 முதல் மிகக் கடுமையான நோய்களில் கிடைக்கும் பலனை 1.2 அல்லது 1.7 மடங்காக எண்ணுகிறது. மீட்பு விதி எண்ணாக மாறிக் கணக்குக்குள் வந்த விதம் இது.

யார் முடிவு செய்வது

இப்படி நியாயமான கொள்கைகளே ஒன்றோடொன்று மோதுகின்றன. எது சரி என்பதில் நல்லெண்ணம் உள்ளவர்களும் உடன்படப்போவதில்லை. எல்லாரும் ஏற்கும் விடை கிடைக்காதபோது எல்லாரும் ஏற்கும் வழிமுறையாவது வேண்டும் என்பது நார்மன் டேனியல்ஸ், ஜேம்ஸ் சபின் இருவரும் 1997இல் முன்வைத்த கருத்து. அவர்கள் நான்கு நிபந்தனைகள் சொன்னார்கள். முடிவும் அதன் காரணமும் வெளிப்படையாக இருக்க வேண்டும். பாதிக்கப்படுபவரும் பொருத்தமானது என்று ஒப்பக்கூடிய காரணமாக அது இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கும் புதிய சான்று வந்தால் திருத்தத்துக்கும் வழி வேண்டும். இவை நடக்கின்றனவா என்று பார்க்க ஆள் வேண்டும். கொள்கைத் தாளின் பெரும்பகுதி இந்த நான்கின் விரிவுரையே.

நாடுகள் வெவ்வேறு விதமாக இதைச் செய்கின்றன. ஜெர்மனி எல்லா நோய்க்கும் பொதுவான குவாலி வரம்பு வைக்காமல், புதிய மருந்து ஏற்கெனவே உள்ளதைவிட எவ்வளவு மேல் என்று பார்த்து விலை பேசுகிறது. தாய்லாந்து தன் வருமானத்துக்கு ஏற்ப வரம்பு வைத்திருக்கிறது. இந்தியாவில் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு 2017இல் தொடங்கியது. இந்தியச் சூழலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மருத்துவச் செலவில் கணிசமான பங்கு இங்கே நோயாளியின் சட்டைப்பையிலிருந்து போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஆறாவது ஆள் எங்கோ ஒரு மருத்துவமனை வரிசையில் நிற்பவராக மட்டும் இருப்பதில்லை. அப்பாவின் ஊசிக்காக நகை அடகு போன வீட்டில் படிப்பை நிறுத்திய மகளாகவும் அவர் இருக்கலாம். அரசுச் செலவை மட்டும் எண்ணும் ஆய்வு அவளை எண்ணாது. ஆகவே யாருடைய செலவை எண்ணுவது என்பதே இங்கே முதல் அறக்கேள்வி.

மதிப்பீட்டுக் குழு கூடும் அறையில் மருந்து நிறுவனத்தின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிறப்பு மருத்துவர்கள் வந்திருப்பார்கள். நோயாளிகளின் சார்பில் ஒருவர் தன் நோயின் நாட்களைச் சொல்வார். கேட்பவர் மனம் இளகும், இளகவும் வேண்டும். ஆறாவது ஆளுக்கு அங்கே நாற்காலி இல்லை. தன் சிகிச்சை நின்றதற்கு இந்தக் கூட்டம் காரணம் என்று அவருக்கு எப்போதும் தெரியவராது; மேல்முறையீடும் அவர் செய்யப்போவதில்லை. மாணவர் கற்ற அந்த வகுத்தல் கணக்கு ஒன்றுதான் அவர் சார்பில் அறைக்குள் வருகிறது. அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொன்னால் ஆரிகனின் முதல் பட்டியல் மீண்டும் வரும். அதைப் பாராமல் தீர்ப்புச் சொன்னால், நாற்காலி கிடைத்தவர்களுக்கிடையே மட்டும் நடந்த பேச்சாக அது முடியும்.